வாரண்டி முடிவதற்குள்

யமஹா டிஎக்ஸ்-7 கீபோர்டு மாதிரி இன்னொன்று வராது என்று மேடைக் கச்சேரி செய்யும் கானமேளாக்காரர்கள் இன்றும் அடித்துச் சொல்வார்கள். என்னிடமும் ஒன்று இருந்தது. கொழிஞ்சாம்பாறை கோயில் திருவிழாவிலிருந்து மூணாறு எஸ்டேட் மேடைகள் வரை ஜீப்பில் குலுங்கிக்கொண்டே கூட வந்தது. அவர்கள் சொல்வதில் பாதியை ஒத்துக்கொள்வேன்.

1983-இல் வந்த கருவி. ஓர் அலையால் இன்னோர் அலையை உலுக்கி ஒலி உண்டாக்கும் எஃப்எம் முறையில் இயங்குவது. ஸ்டான்ஃபோர்டில் ஜான் சௌனிங் கண்டுபிடித்ததை யமஹா உரிமம் வாங்கிச் செய்தது. மணி, எலெக்ட்ரிக் பியானோ இரண்டிலும் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. வயலின் கேட்டால் கொசு ரீங்கரிப்பது போல இருக்கும். எனக்குப் பிடித்தது இடது ஓரத்தில் இருந்த சுருதிச் சக்கரம். கட்டைவிரலால் அதை மெல்ல அசைத்தால் தோடி ராகத்தின் காந்தாரம் ஓரளவுக்கு அசைந்து கொடுக்கும். ஆர்மோனியத்தில் கமகம் வராது என்பதல்லவா பழைய புகார்? அகில இந்திய வானொலி 1940-இலிருந்து 1971 வரை அந்தப் பெட்டியை ஒதுக்கியே வைத்திருந்தது. சுருதியை அசைக்க ரோலண்ட் கீபோர்டில் இருந்த நெம்புகோலும் கோர்க் எம்1 கீபோர்டின் ஜாய்ஸ்டிக்கும் என் கைக்குப் படியவில்லை. 1988-இல் வந்த எம்1-இன் பியானோவை ஊரே கொண்டாடியது. எனக்குச் சீக்கிரம் சலித்துவிட்டது.

அவ்வளவு பிடித்ததை ஏன் விற்றாய் என்பார்கள். பணமுடை ஒரு காரணம். இன்னொரு காரணம் பெருவெம்பில் இருக்கிறது. மிருதங்கம், மத்தளம், செண்டை செய்கிற பாலக்காட்டு ஊர் அது. தாத்தா வாசித்த மிருதங்கத்தின் பலாக்கட்டைக்குப் பேரன் தோல் மூட்டு மாற்ற வந்திருந்ததை அங்கே ஒரு பட்டறையில் பார்த்தேன். பட்டறைக்காரர் சோற்றில் கல்பொடியைக் குழைத்து, வலந்தலை எனும் வலப்பக்கத் தோலில் துளித்துளியாக அப்புகிறார், கல்லால் தேய்க்கிறார், தட்டிக் கேட்கிறார், மறுபடி அப்புகிறார். அவசரப்படுத்த முடியாது; நாம் டீ குடித்துவிட்டு வரலாம். தோல் போனால் தோல், வார் அறுந்தால் வார். கட்டை மட்டும் அப்படியே இருக்கிறது.

டிஎக்ஸ்-7-இன் உள்ளே 32 ஒலிகளின் நினைவைக் காப்பது ஒரு சின்ன பேட்டரி. அது தீர்ந்தால், ராத்திரி கண்விழித்து உருவாக்கிய ஒலிகள் போயே போச்சு. பலகையில் பற்றவைத்த பேட்டரி என்பதால் சால்டரிங் பழகிய கை வேண்டும். சிப் போய்விட்டால் இன்னும் மோசம். யமஹா தனக்கென்றே செய்தவை, கடையில் கேட்டால் கிடைக்காது. பழுது பார்க்க எனக்குக் கோவையில் ஒருவர் இருந்தார். அவர் கடையை மூடியதும் என் கீபோர்டு எனக்குப் பாதி அந்நியமாகிவிட்டது. இந்தப் பொருள் என்னுடையது என்று எதை வைத்துச் சொல்கிறோம்? காசு கொடுத்த ரசீதை வைத்தா? அதைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர் பஸ்ஸில் போய் வரும் தூரத்தில் இருக்கும் வரைக்கும்தான் அது நம்முடையது என்று எனக்குத் தோன்றுகிறது. தோட்டத்து மோட்டார் பம்புக்கும் இதே கணக்குத்தான், நம் உடம்புக்கும்கூட.

இளைய பிள்ளைகள் சிரிக்கிறார்கள். “அண்ணா, டிஎக்ஸ்-7 இப்ப லேப்டாப்லயே ஃப்ரீயா கிடைக்குது.” கேட்டேன், அச்சு அசல். அடுத்த அப்டேட்டில் அது திறக்க மறுத்தால் எந்தப் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போவது என்று கேட்டேன். வேறொன்றை இறக்கிக்கொள்ளலாமாம்.

இப்போது வீட்டில் ஓர் ஆர்மோனியம் இருக்கிறது. ரீடு அடைத்துக்கொண்டால் நானே கழற்றித் துடைத்துவிடுவேன். மேடைக்கென்று புதிதாக ஒரு கீபோர்டும் வாங்கியிருக்கிறேன். அது எப்படி என்று கேட்கிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் அபிப்பிராயம் ஏதும் இல்லை. வாரண்டி முடிவதற்குள் விற்றுவிடுவதாக இருக்கிறேன்.