சுட்டவன் என்ன பண்ணுவான்?

வியன்னாவிலிருந்து பிராட்டிஸ்லாவாவுக்கு ரயிலில் ஒரு மணி நேரம். நடுவில் ஒரு நாடு முடிந்து இன்னொன்று ஆரம்பித்ததை நானும் நண்பரும் கவனிக்கவே இல்லை. பாஸ்போர்ட் சோதனையை 2007 டிசம்பரில் எடுத்துவிட்டார்கள். 'ஒரு முத்திரைகூடக் குத்தலையே சார்' என்று நண்பருக்குக் குறை.

மத்தியானம் பஸ் பிடித்து தேவின் கோட்டைக்குப் போனோம். கீழே மொராவா ஆறு டான்யூபில் கலக்கிறது. அக்கரை ஆஸ்திரியா, கத்திக் கூப்பிட்டால் கேட்கும். 1989 வரை இக்கரையில் முள்வேலி, துப்பாக்கிக் காவல். தப்பப் பார்த்துச் செத்தவர்களுக்கு வாசல் மாதிரி ஒரு நினைவுச்சின்னம் வைத்திருக்கிறார்கள்.

'சுட்டவன் என்ன பண்ணுவான்? உத்தரவு' என்றார் நண்பர்.

கிழக்கு ஜெர்மனிக் காவலர்களும் இதைத்தான் சொன்னார்கள். 1989 பிப்ரவரியில் பெர்லின் சுவரைத் தாண்டப் பார்த்த கிறிஸ் கெஃப்ரோய்க்கு வயசு 20. அவரைச் சுட்டுக் கொன்ற காவலருக்கு 1992-ல் மூன்றரை வருஷம் தண்டனை. அப்பீலுக்குப் பிறகு அது இரண்டு வருஷமாகி, ஜெயிலுக்கே போக வேண்டாம் என்றானது. கோர்ட்டுக்கே தடுமாற்றம்தான் போல.

சுடச் சொன்னது உத்தரவு, சரி. குறி பார்த்தது யார்? கொஞ்சம் தள்ளிச் சுட்டுவிட்டு 'தவறிடுச்சு' என்றிருக்கலாமே?

'நீங்கன்னா தள்ளிச் சுட்டிருப்பீங்களா?'

'நிச்சயமா' என்றேன், கொஞ்சம் வேகமாகவே.

'பக்கத்துல இன்னொரு காவலன் நிப்பான் சார். அவன் உங்களையே பார்த்துட்டிருப்பான்.'

வாஸ்தவம். பெர்லினில் காவலர்களை ஜோடியாக நிறுத்தியது அதற்காகவும்தான். அந்த 'நிச்சயமா'வை வாபஸ் வாங்கிக்கொள்ளலாமா என்று வியன்னா திரும்பும்வரை யோசித்துக்கொண்டு வந்தேன்.