நீர்க்கோடும் கல்லில் கீறிய கோடும்

அறம் பேணும் சிராவக, சிராவகியரே!

கோபம் என்னும் கஷாயத்தை நம் சாத்திரங்கள் நான்கு தரமாக வகுக்கின்றன. 10ஆம் நூற்றாண்டினரான நேமிசந்திராசாரியர் அருளிய கோம்மடசாரம், கல்லில் கீறிய கோடு, நிலத்தின் பிளவு, புழுதியில் இட்ட கோடு, நீரில் இட்ட கோடு என அவற்றிற்கு உவமை கூறுகின்றது. கோபத்தின் கொடுமை, அது எழும் வேகத்தில் அன்று, நிலைத்திருக்கும் காலத்தில் உள்ளது.

14, 15 வயதுப் பிள்ளைகளின் சினம் பெரும்பாலும் நீர்க்கோடே. அதனைக் கல்லில் பொறிப்பது எது? மாலைத் தனிப்பயிற்சி முடிந்து பசியோடு வந்த மகன் இரவில் உண்டுவிட்டான். தந்தை உறவினர் முன்னிலையில் ஏசுகிறார். பழைய பிழைகளையும் அடுக்குகிறார். தாய் இரு நாள் பேசாதிருக்கிறார். பசியால் நேர்ந்த மீறல் அன்று முதல் பிடிவாதமாகிறது. வாயிலில் வந்தவரிடம் "அப்பா வீட்டில் இல்லை" என்று சொல்லப் பிள்ளையைப் பணிக்கும் இல்லத்தில் சத்திய அணுவிரதம் எங்ஙனம் தழைக்கும்? விதியை மீறக் கற்பித்தவர் யார்?

ஆகவே பெற்றோரே, இரவுண்ணாமை சிற்றுயிர்களைக் காக்கும் கொல்லாமையின் கூறு என்பதை விளக்குங்கள். பொழுது சாயுமுன் உண்ண, பிள்ளையின் பையில் உணவு வைத்தனுப்புங்கள். பிழையைத் தனிமையில் கண்டியுங்கள். அதனை அன்றே முடித்துவிடுங்கள். தசலட்சண தருமங்களுள் முதலாவது உத்தம க்ஷமை. பிள்ளைகள் காணக் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பொறுத்தருளக் கேளுங்கள். கடுஞ்சொல் கூறியிருப்பின் பிள்ளையிடமும் கேளுங்கள். அதனால் பெற்றோரின் பெருமை குறையாது. மானம் என்னும் கஷாயமே குறையும்.

இல்லமே பிள்ளைகளின் முதல் அறப்பள்ளி. அங்கே நாம் கடைப்பிடிப்பதே அவர்கள் கற்கும் பாடம்.

அறம் வளர்க!