பீரோவில் பதினொரு நாள்

மூன்று சான்றிதழ்கள். ஒன்று குறுவட்டப் போட்டியில் வாங்கியது, மற்ற இரண்டும் வருவாய் மாவட்டப் போட்டியில் வாங்கியவை. விசிலும் காற்றடிக்கும் பம்பும் இருக்கும் டப்பாவுக்கு அடியில், என் அறைப் பீரோவின் மேல் தட்டில் பதினொரு நாள் கிடந்தன. கேட்டு வந்த பையனிடம், "ஆபீஸ்ல இருக்குடா, கிளார்க் லீவு, வந்ததும் வாங்கித் தர்றேன்" என்றேன். அவன் நம்பினான். ஐந்து வருடமாக நான் சொன்ன எதையும் அவன் நம்பாமல் இருந்ததில்லை.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டை ஒட்டிய ஒரு பள்ளியில் நான் உடற்கல்வி ஆசிரியர். எங்கள் கூடைப்பந்துத் தளம் ஒரு கம்பெனியில் ஷெட் கட்டி மிச்சமான சிமெண்ட்டில் போட்டது. இரும்பு உருக்கும் ஆலைகளின் கரித்தூள் இரவெல்லாம் அதில் படியும். விடியற்காலை ஐந்தரைக்கு வரும் பிள்ளைகள் பந்தைத் தொடுவதற்கு முன் துடைப்பத்தைத் தொட வேண்டும். கூட்டாமல் ஆடினால் கால் வழுக்கும். அரை மணியில் பந்தும் உள்ளங்கையும் ஒரே கறுப்பாகிவிடும். அந்தப் பையன் ஆறாம் வகுப்பில் முதலில் என் கண்ணில் பட்டது துடைப்பத்தோடுதான். மூலை வரைக்கும் கூட்டுவான்.

எட்டாவதில் என் தோளைத் தாண்டினான். உயரமான பிள்ளைகளுக்குக் கால் சொன்னபடி கேட்காது. இரண்டு மாதம் அவனுக்கு வேறு எதுவும் சொல்லித் தரவில்லை. இடது காலை ஊன்று, வலது காலால் திரும்பு, மறுபடி திரும்பு. பிவட் மட்டும். பத்தாவது முடித்தபோது ஆறடி இரண்டு அங்குலம். வளையத்துக்குக் கீழே பந்தை வாங்கித் திரும்பினால் அவனைத் தடுக்க எங்கள் மாவட்டத்தில் ஆள் கிடையாது. அவனை வைத்துத்தான் 2017இல் நான் மாநிலப் போட்டிக்குக் கணக்குப் போட்டிருந்தேன். மற்ற நாலு பேரும் அதே கணக்கில்தான் இருந்தார்கள்.

அந்த ஜூன் மாதம் சென்னையிலிருந்து ஒரு பள்ளியின் பயிற்சியாளர் வந்தார். பதினோராம் வகுப்புக்குக் கட்டணம் இல்லை, விடுதி உண்டு, தினமும் முட்டையும் பாலும், வருடத்துக்கு இரண்டு ஜோடி ஷூ. மரியாதையாகத்தான் பேசினார். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "பையனை எங்களுக்குக் கொடுத்துடுங்க சார்" என்றார். கொடுப்பது என்றால் அதற்கு முன் வைத்திருக்க வேண்டும் அல்லவா? அந்தச் சொல்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. அவன் என்னுடையவன் என்று எனக்கு அதுவரை தோன்றியிருந்ததா என்று தெரியாது. அன்றிலிருந்து தோன்ற ஆரம்பித்தது. மறுநாள் சான்றிதழ்கள் டப்பாவுக்கு அடியில் போயின.

அந்தப் பதினொரு நாளும் நான் எனக்குள் சொல்லிக்கொண்ட வார்த்தை "நன்றி". நன்றி கெட்ட உலகம், வளர்த்துவிட்டவனை யார் நினைக்கிறார்கள் என்று. திருக்குறளில் பதினோராம் அதிகாரம் செய்ந்நன்றியறிதல். மாணவர்களுக்கு மேடையில் அதை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். ஒரு நாள் இரவு எடுத்து முழுசாகப் படித்தேன், என் பக்க நியாயத்துக்கு ஏதாவது கிடைக்கும் என்று. கிடைக்கவில்லை. பத்துக் குறளும் வாங்கிக்கொண்டவனைப் பார்த்துப் பேசுகின்றன. கொடுத்தவன் அதைக் கையில் எடுத்துக்கொண்டு வசூலுக்குப் போகலாம் என்று வள்ளுவர் எங்கும் சொல்லவில்லை. கொடுப்பவனுக்கு அவர் வைத்திருப்பது வேறு அதிகாரம், இருபத்திரண்டாவது, ஒப்புரவறிதல். அதன் தொடக்கத்திலேயே மழையைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். மழைக்கு உலகம் என்ன திருப்பிச் செய்ய முடியும் என்று கேட்கிறார். அடுத்தவனுக்கு எழுதிய அதிகாரத்தை நான் எனக்கு வந்த கடிதம்போல் படித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆட்டக்காரப் பிள்ளைகள் பள்ளி மாறுவது புதிதில்லை. அமெரிக்காவில் கெவின் டுரான்ட் உயர்நிலைப் பள்ளிக் காலத்திலேயே மூன்று பள்ளிகளுக்கு ஆடியவர்: நேஷனல் கிறிஸ்டியன், ஓக் ஹில், கடைசியாக மான்ட்ரோஸ் கிறிஸ்டியன். அங்கே பல மாநிலங்களில் ஆட்டத்துக்காகவே பள்ளி மாறினால் கொஞ்ச காலம் வெளியே உட்கார வேண்டும் என்று விதியே உண்டு. நம் நாட்டில் கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்பு வரை வேறு பள்ளிக்குப் போவதைப் பிள்ளையின் உரிமையாக்கி, மாற்றுச் சான்றிதழைத் தாமதம் செய்யும் தலைமையாசிரியர் மேல் ஒழுங்கு நடவடிக்கை உண்டு என்றும் சொல்கிறது. என் பையன் பத்தாவது முடித்தவன். சட்டம் என்னைத் தொடாது. தொடாது என்பது அப்போது எனக்கு நன்றாகத் தெரியும். அதை இங்கே எழுதியாக வேண்டும்.

இந்த விஷயத்தில் நான் அடிக்கடி நினைப்பது சத்னாம் சிங்கை. பஞ்சாபில் பல்லோ கே என்ற சின்ன கிராமம். அங்கிருந்து லூதியானா கூடைப்பந்து அகாடமி, 2010இல் பதினாலு வயதில் அங்கிருந்து ஃப்ளோரிடாவில் ஐ.எம்.ஜி. அகாடமி. 2015இல் டல்லாஸ் மேவரிக்ஸ் அணி 52ஆவது தேர்வாக அவரை எடுத்தபோது, என்.பி.ஏ. அணி தேர்ந்தெடுத்த முதல் இந்தியரானார். எல்லோரும் அவருடைய உயரத்தைப் பற்றிப் பேசினார்கள். என் மனம் அவருடைய அப்பா பல்பீர் சிங்கிடம் நின்றது. அவரும் ஏழடி தாண்டியவர். அவரையும் சின்ன வயதில் கூடைப்பந்து ஆடச் சொல்லியிருக்கிறார்கள்; வீட்டில் விவசாயத்தைப் பார் என்று நிறுத்திக்கொண்டார்கள். நிறுத்தி வைக்கப்பட்ட அந்த மனிதர் தன் பிள்ளையை மட்டும் நிறுத்தவில்லை.

ஒன்பதாம் நாள் என் பையனின் அப்பா வந்தார். ரோலிங் மில்லில் ஷிப்டு முடித்து, கை கால்கூடச் சரியாகக் கழுவாமல். திண்டிவனம் பக்கத்துக் கிராமம் அவருக்கு. பத்தொன்பது வயதில் வேலை தேடி இங்கே வந்தவர். சான்றிதழ் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தளத்தின் ஓரத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "சார், அவன அனுப்ப எனக்கும் மனசு இல்ல. ஆனா நானே ஊர விட்டு வந்தவன்தானே. எங்கப்பா ஒரு வார்த்த போகாதேன்னு சொல்லியிருந்தா நான் வந்திருக்க மாட்டேன். அவரு சொல்லல."

இந்த வட்டாரத்தில் யாரைக் கேட்டாலும் இதே கதைதான். ஒடிசாவிலிருந்து, பீகாரிலிருந்து, எல்லைக்கு அந்தப் பக்கம் ஆந்திராவிலிருந்து வந்தவர்கள். எல்லோருக்கும் பின்னால் வாயைத் திறக்காமல் நின்ற ஒரு அப்பா இருப்பார். அந்த மௌனத்தின் மேல்தான் இந்த ஆலைகள் ஓடுகின்றன என்றுகூட எனக்குத் தோன்றும்.

இரண்டு நாள் கழித்து ஆனி அமாவாசை. என் அப்பா போனதிலிருந்து அமாவாசைக்கு நான் திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயிலுக்குப் போவது வழக்கம். பெரியபாளையம் போய் வண்டி மாறிப் போவேன். ஹிருத்தாபநாசினிக் குளத்தங்கரையில் தர்ப்பணம் முடித்து, குளத்தில் வெல்லம் கரைக்கும் கூட்டத்துக்குள் புகுந்து உள்ளே போனேன். பெருமாள் சயனத்தில் இருக்கிறார். வலது கை சாலிஹோத்ர முனிவரின் தலைமேல். எத்தனையோ அமாவாசை பார்த்த கைதான். அன்று அதைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

கதை இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். முனிவர் ஒரு வருடம் உபவாசம் இருந்து, தை அமாவாசையன்று சிந்திய நெல்லைப் பொறுக்கிக் குத்தி, மாவாக்கி, விருந்தாளிக்கு ஒரு பங்கு எடுத்து வைக்கிறார். ஒரு கிழவர் வருகிறார். பங்கைச் சாப்பிட்டும் பசி தீரவில்லை என்கிறார். முனிவர் தன் பங்கையும் கொடுக்கிறார். சாப்பிட்ட அசதியில் கிழவர், படுக்க எவ்வுள் என்று கேட்கிறார். எந்த அறை என்று. முனிவர் தன் குடிசையைக் காட்டுகிறார். அந்த எவ்வுள்தான் ஊருக்கே பெயராயிற்று. வந்தவர் யார் என்று முனிவருக்குத் தெரிந்தது எல்லாவற்றையும் கொடுத்து முடித்த பிறகு. சின்ன வயதில் இதை விருந்தோம்பல் கதையாகக் கேட்டிருக்கிறேன். அன்று எனக்கு வேறு ஒன்று தெரிந்தது. ஒரு வருடப் பசிக்குப் பிறகு வந்த சாப்பாடு அது. அதை இன்னொருவர் தின்பதை அவர் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். நானும் ஐந்து வருடம் காத்திருந்தவன். வந்தவரும் பசியோடுதான் வந்தார். நான் பீரோவைப் பூட்டினேன்.

அன்று சாயங்காலமே பையன் வீட்டுக்குப் போய்ச் சான்றிதழ்களைக் கொடுத்தேன். கிளார்க் வந்துவிட்டார் என்று சொன்னேன். அந்தப் பொய்யை அப்போதும் விடவில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். அவன் போன வாரத்தில் எங்கள் பாயிண்ட் கார்டு, குள்ளமான பையன், காலையில் கூட்டிக்கொண்டே கேட்டான்: "சார், அவங்க வந்தப்ப என்னை யாரும் கேக்கலையா?" அவனுடைய பாஸ் இல்லாமல் உயரக்காரனுக்கு ஒரு புள்ளியும் வந்திருக்காது. எனக்குப் பதில் வரவில்லை. அந்த வருடம் வருவாய் மாவட்டத்தில் முதல் ஆட்டத்திலேயே தோற்றோம். அந்த நாலு பேருக்கும் மாநிலச் சான்றிதழ் கிடைக்கவில்லை. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு ஒதுக்கீட்டு இடம், அரசு வேலையில் விளையாட்டு ஒதுக்கீடு எல்லாம் அந்தக் காகிதத்தில்தான் தொடங்குகின்றன.

சாலிஹோத்ரர் கொடுத்தது தன் பங்கு மாவு. பக்கத்துக் குடிசைக்காரனின் மாவை எடுத்து விருந்தாளிக்கு வைத்திருந்தால் பெருமாள் அவர் தலையில் கை வைத்திருப்பாரா? நான் விட்டுக்கொடுத்ததில் என் பங்கு கொஞ்சம்தான், மீதி அந்த நாலு பிள்ளைகளுடையது. அதனால் அவனைப் பிடித்து வைத்திருக்கலாமா என்றால் கூடாது. அவனும் யாருடைய பங்கும் இல்லை. ஒருவன் வாழ்க்கையைக் கொண்டு நாலு பேர் கடனை அடைக்க எந்தத் தர்மத்திலும் இடம் கிடையாது. ஆனால் கடன் இருக்கிறது. அதை அடைக்க வேண்டியவர்கள் அழைத்துக்கொண்டு போனவர்கள் என்பது என் துணிபு. விளைந்த கதிரை அறுத்துக்கொண்டு போகிறவர்கள் வயலுக்கு ஒரு கூடை எருவாவது கொட்ட வேண்டும். வருடத்துக்கு இரண்டு நட்பு ஆட்டம், நாலு பந்து, கோடை விடுமுறையில் பத்து நாள் ஒரு பயிற்சியாளர். அந்தப் பயிற்சியாளருக்கு இதை எழுதிக் கேட்டேன். வருகிறேன் என்றார். அடுத்த மே மாதம் உண்மையிலேயே வந்து எட்டு நாள் தங்கினார். குள்ளப் பையனுக்கு அவர் சொல்லித் தந்த இடது கை லே-அப்பை நான் சொல்லித் தந்திருக்க முடியாது.

நான் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் படித்தவன். அதை 1920இல் சென்னையில் தொடங்கிய ஹாரி குரோ பக், அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு கல்லூரியில் பயின்று வந்தவர். 1891 டிசம்பரில் ஜேம்ஸ் நைஸ்மித் இரண்டு பீச் பழக்கூடைகளை ஆணியடித்து இந்த ஆட்டத்தைத் தொடங்கியதும் அதே ஸ்பிரிங்ஃபீல்டில். நைஸ்மித் இறையியல் படித்தவர். அவர் எழுதிய பதின்மூன்று விதிகளில் ஒன்று, பந்தோடு ஓடக் கூடாது, பிடித்த இடத்திலிருந்தே எறிய வேண்டும் என்பது. கல்லூரியில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த விதி. அதை எழுதியபோது அந்த மனிதர் மனதில் என்ன இருந்திருக்கும் என்று ஐம்பது வயதுக்கு மேல்தான் யோசிக்கிறேன்.

குள்ளப் பையன் இப்போது சிப்காட்டில் ஒரு கம்பெனியில் காண்டிராக்ட்டில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை நைட் ஷிப்டு இல்லாவிட்டால் தளத்துக்கு வந்துவிடுவான். எட்டாவதில் ஒரு ஒடியாக் குடும்பத்துப் பெண், நல்ல உயரம், தமிழ் இன்னும் தட்டுத் தடுமாறித்தான் வருகிறது. அவளுக்கு பிவட் சொல்லித் தருகிறான், இடது கால், வலது கால் என்று என் குரலிலேயே. அவளையும் யாராவது கேட்டு வருவார்கள். போன மாதம் அவளுக்கு முதல் குறுவட்டச் சான்றிதழ் வந்தது. வந்த அன்றைக்கே கையில் கொடுத்து அனுப்பினேன். மழையில் நனையாமல் பிளாஸ்டிக் கவரில் போட்டு வை, லேமினேட் மட்டும் செய்துவிடாதே, சரிபார்க்கும் இடத்தில் ஏற்க மாட்டார்கள் என்றேன். அவளுக்குப் புரியவில்லை. குள்ளப் பையன் இந்தியில் சொன்னான்.