சாவிக் கொத்தும் ஒற்றைச் சாவியும்



நான் மளிகைக் கடைக்காரன். தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு, மதரஸாவில் சில கிதாபுகள், இவ்வளவே என் படிப்பு. கம்ப்யூட்டர் விஷயம் எழுத உமக்கென்ன தகுதி என்று கேட்பீர்கள். தகுதி ஒன்றுமில்லை. அதில் ஒரு தவறு செய்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

எங்களுக்குத் தலைமைக் கடை ஒன்று, கிளைகள் இரண்டு, ஒரு கிடங்கு. வேலையாட்கள் 22 பேர். அத்தனை பேருடைய பெயர்களும் சர்வரில் 'ஆக்டிவ் டைரக்டரி' என்ற பேரேட்டில் இருக்கின்றன. காலையில் கல்லாவில் உட்காருகிறவர் தம் பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுத்தால் அந்தப் பேரேடு சரிபார்த்து உள்ளே விடும். ஐந்து தடவை தப்பாக அடித்தால் பூட்டிக்கொள்ளும்படி வைத்திருக்கிறோம். பூட்டைத் திறக்க 'அட்மினிஸ்ட்ரேட்டர்' வர வேண்டும். அந்தப் பாஸ்வேர்டு என் ஒருவனிடமே இருந்தது.

வாரத்துக்கு இரண்டு மூன்று தடவையாவது கிளையிலிருந்து போன் வரும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து செருப்பைத் தேடும்போதே வரும். ஒருநாள் சலித்துப்போய், கிளையின் கிராணியைக் கூப்பிட்டு, "காக்கா, இனிமே நீங்களே பாத்துக்குங்க" என்று அந்தப் பெரிய பாஸ்வேர்டையே எழிதிக் கொடுத்துவிட்டேன். பதினேழு வருஷம் எங்களோடு இருந்தவர். என் வாப்பா வேலைக்கு வைத்த மனிதர். அவரை நம்பாமல் யாரை நம்புவது? பெருந்தன்மையோடு நடந்துகொண்டதாகவே நான் எண்ணினேன்.

நாலு மாதம் கழித்து, யாருக்கு எவ்வளவு சம்பளம், யார் எத்தனை வெள்ளி முன்பணம் வாங்கியிருக்கிறார் என்பதெல்லாம் கடைப் பையன்கள் வாயில் அடிபட்டது. சர்வரின் பதிவைப் பார்த்தால் 'அட்மினிஸ்ட்ரேட்டர்' என்ற பெயர்தான் இருக்கிறது. அந்தப் பெயருக்குள் நானும் இருக்கிறேன், காக்காவும் இருக்கிறார், அவசரத்துக்கு அவர் வேறு யாரிடமாவது சொல்லியிருந்தால் அந்த ஆளும் இருக்கிறார். நான் திறக்கவில்லை என்று எனக்குத் தெரியும். தாம் திறக்கவில்லை என்பதை அவர் எதைக் காட்டி நிரூபிப்பார்? நான் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டேன். கேட்டிருந்தால் பதிலாவது சொல்லியிருப்பார். மூன்றாம் வாரம் கணக்கை ஒப்படைத்துவிட்டு வேலையை விட்டு நின்றுவிட்டார்.

நிற்க. ஒருவரை நம்பி அதிகாரம் கொடுக்கும்போது, முழுதாகக் கொடுப்பது மரியாதையா, வரம்பு கட்டிக் கொடுப்பது மரியாதையா? "நம்பினால் முழுக்க நம்பு, இல்லையேல் கொடுக்காதே" என்று சொல்லும் பெரியவர்கள் நம்மில் உண்டு. நானும் அந்தக் கட்சியில்தான் இருந்தேன்.

கோலாலம்பூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் மருமகன் வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். 2000-ஆம் ஆண்டு விண்டோஸ் 2000 சர்வரோடு இந்தப் பேரேடு வந்தபோதே இதற்கு வழியும் வந்துவிட்டதாம். கிளை ஆட்களை ஒரு தனிப் பிரிவில் வைத்து, அந்தப் பிரிவுக்கு மட்டும், புதுப் பாஸ்வேர்டு போடும் உரிமையை மட்டும், கிராணியின் சொந்தப் பெயருக்கே கொடுக்கலாம். பூட்டுத் திறக்கும் உரிமை வேறு. அதைத் தனியே கொடுக்க வேண்டும். அவர் புதிதாக ஒன்று போடலாமே தவிர பழையதைப் படிக்க முடியாது. போட்டால் யார், யாருக்கு, எப்போது போட்டார் என்று 4724 என்ற எண்ணிட்டுச் சர்வர் எழுதி வைக்கும்.

"சம்பளக் கணக்கு எழுதுகிறவர் பேரை அந்தப் பிரிவுல வைக்காதீங்க மாமா," என்றான். ஏன் என்றேன். ஒருவருக்குப் புதுப் பாஸ்வேர்டு போட முடிந்தவர், அதைக் கொண்டு அவராகவே உள்ளே போய்விடலாம் அல்லவா? சிறிய உரிமை என்று நாம் நினைப்பது அவ்வளவு சிறியதல்ல. இன்னொன்றும் சொன்னான். அன்றாட வேலைக்கு நானும் சாதாரணப் பெயரில்தான் நுழைய வேண்டுமாம். முதலாளிக்கே வரம்பா என்று சற்றுக் கோபம் வந்தது உண்மை.

தேவைக்கு மேல் அதிகாரம் கொடுக்காதே என்ற இந்த விதியை 1975-இல் சால்ட்சர், ஷ்ரோடர் என்ற இரண்டு அமெரிக்க அறிஞர்கள் கம்ப்யூட்டருக்காக எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் எனக்கு அது புதிதாக இருந்திருக்கக் கூடாது. மதரஸாவில் உஸ்தாது வகாலத்துப் பாடம் நடத்தியது ஞாபகம் இருக்கிறது. நாம் குறித்த விலைக்குக் கீழே வகீல் விற்கக் கூடாது. ஆனால் அவர் அமானிதக்காரர்; வரம்பு மீறாமலும் கவனக் குறைவு இல்லாமலும் இருக்கும்வரை நஷ்டம் அவர் தலையில் விழாது. அப்படியானால் அந்த வரம்பு அவருக்கு நிழல். எங்கள் காக்காவுக்கு நான் வரம்பே வைக்கவில்லை. ஆகவே 'நான் மீறவில்லை' என்று சொல்ல அவருக்கு ஓர் இடமே இல்லாமல் போயிற்று.

வரம்பைக் குறுக்கிக் குறுக்கி, ஆளை ஒன்றும் செய்ய விடாமல், தவறு வந்தால் மட்டும் பிடித்துக்கொள்ளும் முதலாளிகளும் உண்டு. அதற்கு நான் பரிந்து பேசவில்லை. கிளையில் பூட்டிக்கொண்டால் கிளையிலேயே திறக்க முடிய வேண்டும். அவ்வளவு அதிகாரம் கொடுக்கத்தான் வேண்டும்.

சம்பளக் கணக்கைத் திறந்தது யார் என்று இன்று வரை தெரியாது. போன மாதம் காக்கா வீட்டுக்குப் போனேன். சொல்ல வேண்டியதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். வெகு நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இப்ப இருக்கிற கிராணிக்குத் தனிப் பேருல கொடுத்திருக்கீங்களா, தம்பி?" என்று கேட்டார். கொடுத்திருக்கிறேன் என்றேன். தேத்தண்ணீரை ஆற்றி என் முன்னால் வைத்தார். திரும்பி வருவீர்களா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.