எழுதும் முறையும் எழுத்தாளன் நேர்மையும்

எழுதுவது எப்படி என்று பிறருக்குக் கற்பிப்பதில் மனிதர் என்றுமே சலிப்படைந்ததில்லை. நாள்தோறும் குறித்த நேரத்தில் எழுத அமர வேண்டும். தொடங்குமுன் சட்டகம் வகுத்துக்கொள்ள வேண்டும். முதலிலிருந்து முடிவுவரை ஒழுங்காகச் செல்ல வேண்டும். அமைதியான இடம் வேண்டும். எழுதியதைச் சிலகாலம் ஆறவிட்டுப் பின்னர் திருத்த வேண்டும். இவற்றைப் பாடசாலையிலே கேட்கிறோம். எழுத்தாளர் கூட்டங்களிலே கேட்கிறோம். நாமே பிறருக்குச் சொல்லியும் வருகிறோம். இவற்றுள் எதுவும் முற்றிலும் தவறானதன்று. ஆயின், இவற்றுக்கு மாறாக எழுதுபவன் ஒழுங்கற்றவன், சோம்பேறி, தான்தோன்றி என்றெல்லாம் கருதப்படும்போது நுட்பம் பற்றிய வினா அறம் பற்றிய வினாவாக மாறிவிடுகிறது. தனக்கென ஓர் எழுத்து முறையைத் தேடிக்கொள்வது ஒருவனின் உரிமையா, அன்றி வெறும் தன்னிச்சையா? இவ்வினாவை ஆராய்வது ஆசிரியருக்கும் மாணவருக்கும் பயன் தருமென நாம் கருதுகிறோம்.

முதலில், இவ்விதிகள் என்றும் ஒரே விதமாக இருந்தவை அல்ல என்பதைக் காணவேண்டும். ஆங்கில நாவலாசிரியர் அந்தனி டிரொலப்பின் கதை இதற்குத் தக்க சான்று. 1834 முதல் 1867 வரை தபாற் பகுதியில் உத்தியோகம் பார்த்த அவர், விடியற்காலை 5.30 மணிக்கு மேசைமுன் அமர்வார். கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு, கால் மணிக்கு 250 சொற்கள் என்ற கணக்கில் எழுதுவார். உத்தியோகத்தின் பொருட்டுப் புகையிரதத்திற் செல்ல நேர்ந்தபோது மடிமேல் பலகை வைத்துப் பென்சிலால் எழுதினார். இவ்வாறு அவர் எழுதிய நாவல்கள் 47. எவ்வாறு எழுதினார், எவ்வளவு ஊதியம் பெற்றார் என்பதையெல்லாம் தம் சுயசரிதையில் ஒளிவுமறைவின்றிக் கூறினார். அவர் இறந்த மறு ஆண்டில், 1883இல், அந்நூல் வெளிவந்தது.

கற்றோர் பலர் முகஞ்சுளித்தனர். கலைஞன் உள்ளக் கிளர்ச்சி பொங்கும்வரை காத்திருப்பவன் என்பது அக்காலத்துப் பெருநம்பிக்கை. நாவலாசிரியனைச் சப்பாத்துத் தைக்கும் தொழிலாளியோடு ஒப்பிட்டுப் பேசிய ஒருவரை அந்நம்பிக்கை எவ்வாறு பொறுக்கும்? அவர் புகழ் மங்கியமைக்கு அச்சுயசரிதையும் ஒரு காரணமென இலக்கிய வரலாற்றாசிரியர் கூறுவர். இன்றோ அதே கடிகார முறைதான் இளம் எழுத்தாளருக்கு வேதம்போல் ஓதப்படுகிறது. அன்று காத்திருப்பது விதி; இன்று கடிகாரம் விதி. விதி தலைகீழானபோதும் ஒரு வழக்கம் மட்டும் மாறவில்லை. எழுதப்பட்டதை வாசித்து மதிப்பிடுமுன், அது எழுதப்பட்ட விதத்தை விசாரித்துத் தீர்ப்பளிப்பதே அவ்வழக்கம்.

நம் பழைய இலக்கண மரபு இவ்விடயத்தில் இன்றைய அறிவுரையாளரைவிடப் பரந்த நோக்குடையது என்றால் சிலர் வியப்படையக்கூடும். நன்னூலார் தம் பாயிரத்தில் நூலுக்குரிய குற்றங்கள் 10, அழகுகள் 10, உத்திகள் 32 என வகுத்துரைத்தார். கூறியது கூறலும் மயங்க வைத்தலும் குற்றமென்றார். இவையெல்லாம் எழுதி முடிந்த நூலிற் காணப்படுவன. வாசிப்பவன் சோதித்து அறியக்கூடியன. நூலாசிரியன் எந்நேரத்தில் அமரவேண்டும், எப்பகுதியை முதலில் எழுதவேண்டும் என்பவை இவ்வளவைகளுள் இடம்பெறவில்லை. கொடுத்த பொருளை அப்போதே பாடும் ஆசுகவியையும், விரிவாகப் பாடும் வித்தாரகவியையும் நம் மரபு அருகருகே வைத்துப் போற்றியது. படைப்பைக் கண்டிப்புடன் அளந்த மரபு, படைக்கும் வழியைப் பாவலனிடமே விட்டுவைத்தது.

அவ்வாறாயின், எழுதும் வழிக்கே விதி செய்யும் அறிவுரைகள் யாருடைய வாழ்க்கையைப் பொதுவாழ்க்கையாகக் கருதி எழுந்தவை? பிரெஞ்சு நாவலாசிரியர் புளோபேர், ‘மதாம் பொவாரி’ என்ற ஒரே நாவலை 1851 முதல் 1856 வரை செதுக்கினார். ஒரு வாக்கியத்துக்காகப் பல நாள் உழைத்த அவருடைய பொறுமை பெரிது. அதனை நாம் குறைத்துக் கூறவில்லை. ஆனால், குடும்பச் சொத்தும் ஆற்றங்கரை வீடும் அப்பொறுமைக்குப் பின்னால் இருந்தன. ஒரு பெண் நாவல் எழுத வேண்டுமாயின் அவளுக்கு ஆண்டுக்கு 500 பவுண் வருவாயும் ஒரு தனியறையும் வேண்டுமென வேர்ஜீனியா வூல்ஃப் 1929இல் வாதிட்டார். அது சமுதாயத்தை நோக்கி எழுப்பப்பட்ட கோரிக்கை. அதனை எழுத்தாளர்க்குரிய தகுதிப் பத்திரமாக மாற்றினால், அறையில்லாதவர் எழுதத் தகுதியற்றவர் என்ற முடிவுக்கு வந்துவிடுவோம்.

வரலாறு இம்முடிவை மறுக்கிறது. பிரேசில் நாட்டின் சாவோ பாவுலோ நகரிலே, ஆற்றோரச் சேரியொன்றில் மூன்று பிள்ளைகளுடன் வாழ்ந்தவர் கரோலினா மரியா த ஜெசூஸ். இரண்டாண்டுகளே பள்ளி சென்ற அவர், குப்பையிலிருந்து கடதாசி பொறுக்கி விற்றுப் பிழைத்தார். அக்குப்பையிற் கிடைத்த கொப்பிகளில் தம் நாட்குறிப்பை எழுதினார். எத்தனை மணிக்கு எழுந்தார், தண்ணீருக்கு எவ்வளவு நேரம் நின்றார், அன்றைய கடதாசிக்கு எவ்வளவு காசு கிடைத்தது, பிள்ளைகள் உண்டார்களா என்பனவே அதன் பொருள். 1960இல் அது நூலாக வெளிவந்தபோது, அந்நாட்டின் கற்றோர் அறியாத ஒரு நாடு அவர்கள் கண்முன் நின்றது. அவர் கைக்கொண்ட முறையைப் பசி வகுத்தது. அமைதியான அறையில் அமர்ந்து பல ஆண்டு செதுக்கியிருந்தால் அந்நூல் அந்நூலாக இருந்திராது.

இந்தோனேசிய எழுத்தாளர் பிரமோதியா அனந்த தூரின் அனுபவம் இன்னுங் கொடியது. 1965இல் கைது செய்யப்பட்டு, 1969 முதல் 1979 வரை புரு தீவிலே சிறை வைக்கப்பட்ட அவருக்கு, அங்கு நெடுங்காலம் எழுத அனுமதியில்லை. ஆதலால் 1973இல் தம் நாவலைச் சக கைதிகளுக்கு வாய்மொழியாகச் சொன்னார். எழுதும் அனுமதி பின்னரே கிடைத்தது. 1980இல் ‘மனிதனின் பூமி’ என்ற பொருள்படும் அந்நாவல் அச்சேறியது. மறு ஆண்டே தடை செய்யப்பட்டது. தனிமையில் எழுது, முடியும்வரை எவரிடமுஞ் சொல்லாதே என்ற அறிவுரையை அவர் பின்பற்றியிருந்தால், எழுதுகோல் கைக்கு வரும்வரை அக்கதை எத்தனை பேர் நெஞ்சில் உயிரோடு இருந்திருக்கும்?

நம் நாட்டிலும் இதற்குச் சான்றுண்டு. பள்ளிப் படிப்பை இளமையிலேயே விட்டு, யாழ்ப்பாணத்தில் முடிதிருத்தும் தொழில் செய்த டொமினிக் ஜீவாவின் ‘தண்ணீரும் கண்ணீரும்’ 1960இல் வெளிவந்து சாகித்திய மண்டலப் பரிசைப் பெற்றது. 1966இல் அவர் ‘மல்லிகை’யைத் தொடங்கினார். முடிதிருத்தகமே அவருக்கு நூலகமாகவும் காரியாலயமாகவும் அமைந்தது. கிராமத்து உழைப்பாளர் பேச்சைக் கதையில் எழுதியமைக்காக முற்போக்கு எழுத்தாளர்மீது ‘இழிசனர் வழக்கு’ என்ற வசை வீசப்பட்ட காலம் அது. ‘இப்படித்தான் எழுதவேண்டும்’ என்ற கூற்றுக்குள் ‘இன்னார்தான் எழுதவேண்டும்’ என்ற கூற்று ஒளிந்திருக்கக்கூடும் என்பதை அன்றைய மரபுப் போராட்டம் நமக்குக் கற்பித்தது.

இவ்விடத்தில் நம் நண்பர் சிலர் ஒரு தடை எழுப்புவர். ‘அவரவர்க்கு அவரவர் வழி என்பது தனிமனிதவாதம் ஆகாதா? கூட்டு வாழ்க்கைக்கு ஒழுங்கு வேண்டாமா?’ என்பர். இது புறக்கணிக்கத்தக்க தடையன்று. ஆயினும் தொழிலாளியை நோக்குவோம். கருங்காலியை இழைக்கும் தச்சன் பலாவை இழைப்பதுபோல் இழைப்பதில்லை. மரத்தின் ஓட்டமறிந்து உளியைப் பிடிக்கிறான். அவன் கைப்பழக்கம் அவனுக்கே உரியது. நாற்காலியோ அமர்பவனுக்கு உரியது. நாற்காலி ஆடினால், ‘இது என் முறை’ என்று அவன் தப்ப முடியாது. எழுத்தாளன் நிலையும் இதுவே. வழியில் அவனுக்குள்ள சுதந்திரம், பயனில் அவனுக்குள்ள பொறுப்பைக் குறைப்பதில்லை. மழை பெய்தால்தான் எழுதுவேன், மனம் கனிந்தால்தான் எழுதுவேன் என்று தன் பழக்கத்தையே தெய்வமாக்கிக் கொள்பவன், பழைய விதியொன்றைத் தள்ளிவிட்டுப் புதிய விதியொன்றுக்கு அடிமையாகிறான். தனக்குரிய முறையைத் தேடுவதன் நோக்கம் வேலை நடைபெறுவதே. வேலை நடைபெறாவிடின் அம்முறையையும் கைவிட வேண்டியதுதான்.

சுதந்திரத்தின் எல்லை எதுவென்பதை ருஷ்ய நாவலாசிரியர் தாஸ்தாயேவ்ஸ்கியின் வாழ்க்கை காட்டுகிறது. 1866 நவம்பர் 1ஆந் தேதிக்குள் ஒரு நாவலைக் கொடாவிடின், ஒன்பது ஆண்டுகளுக்கு அவர் எழுத்துகளை ஊதியமின்றி வெளியிடும் உரிமை பிரசுரகர்த்தருக்குச் சென்றுவிடும் என்பது ஒப்பந்தம். அக்டோபர் மாதம் பிறந்தபோது நாவலில் ஒருவரிகூட இல்லை. நண்பர்கள் ஆளுக்கொரு பகுதி எழுதித் தருவதாகக் கூறினர். பிறர் எழுதியதற்குத் தம் பெயரை இட அவர் உடன்படவில்லை. அன்னா கிரிகோரியெவ்னா என்ற சுருக்கெழுத்து மாணவியை அமர்த்தி, வாயாற் சொல்லியே 26 நாட்களில் ‘சூதாடி’யை முடித்தார். கைப்பட எழுதும் வழக்கத்தை அவர் உடைத்தார், நேர்மையை உடைக்கவில்லை. எதை மாற்றலாம், எதை மாற்றலாகாது என்பதை இந்நிகழ்ச்சியைவிடத் தெளிவாக விளக்குவது அரிது.

இனி, நம் வகுப்பறைக்கு வருவோம். கட்டுரை எழுதப் பணிக்கும்போது முதலிற் சட்டகம் கேட்கிறோம். சில மாணவருக்கு அது கைவிளக்காக உதவுகிறது. வேறு சிலரோ எழுதத் தொடங்கிய பின்னரே தாம் நினைப்பது யாதென அறிபவர். இவர்கள் கட்டுரையை முதலில் எழுதி முடித்து, அதிலிருந்து சட்டகத்தைப் பெயர்த்தெடுத்து, கொப்பியின் முன்பக்கத்தில் இட்டுக் காட்டுவர். இதனை மாணவர் அறிவர். ஆசிரியரும் பெரும்பாலும் அறிவார். இருவரும் சேர்ந்து ஒரு சிறு பொய்க்கு உடன்படுகின்றனர். தம் உழைப்பைப் பற்றி உண்மை சொன்னால் புள்ளி குறையும் என்பதே அம்மாணவர் பெறும் முதற் பாடமாகிறது. உண்மை சொன்ன டிரொலப்புக்கு நேர்ந்ததும் இதுவே.

‘மூலதனம்’ முதற் பாகத்தின் இரண்டாம் பதிப்புக்கு 1873இல் எழுதிய பின்னுரையில், ஆராயும் முறை வேறு, எடுத்துரைக்கும் முறை வேறு என்று கார்ல் மார்க்ஸ் வற்புறுத்தினார். பொருளை விவரமாகத் துருவி அறிந்த பின்னரே அதனை ஒழுங்குபடக் கூற முடியும். கூறி முடித்தபின் அவ்வொழுங்கு முன்னரே வகுக்கப்பட்டது போலத் தோன்றும் என்பது அவர் கருத்து. இவ்வேறுபாட்டை நம் பாடசாலைகள் மறந்துவிட்டன. முடிந்த கட்டுரையின் ஒழுங்கை, அதனைத் தேடிச் சென்ற வழியின் ஒழுங்காகக் கொண்டு மாணவனிடம் கேட்கிறோம். அவன் இடறியதும் திரும்பியதும் அடித்தெழுதியதும் நமக்குக் குற்றமாகத் தோன்றுகின்றன. சிந்தனை நடந்ததற்கு அவையன்றோ அடையாளம்!

இயந்திரங்களே சட்டகமும் கட்டுரையும் நொடியில் அமைத்துத் தரும் இன்றைய நிலையில் இது இன்னும் கூர்மையான பிரச்சினையாகிறது. வடிவத்தை மட்டும் கேட்கும் ஆசிரியருக்கு இயந்திரத்தின் விடையே போதுமானது. மாணவனின் சிந்தனையைக் காண விரும்பும் ஆசிரியர், அவன் அடித்தெழுதிய தாள்களையும் வாங்கிப் பார்க்க வேண்டும். நடுவிலிருந்து தொடங்கினான் எனின் அதற்கும் இடமளிக்க வேண்டும். ‘நீ எப்படி எழுதினாய்?’ என்ற கேள்வியைக் கண்டிப்பதற்காகவன்றி அறிந்துகொள்வதற்காகக் கேட்க வேண்டும். பின்னர், எழுதி முடிந்ததை நன்னூலார் காட்டிய கண்டிப்போடு மதிப்பிடலாம். அதில் விட்டுக்கொடுப்பு வேண்டியதில்லை.

எழுதும் வழியை வாழ்க்கை பலவாறு வகுக்கிறது. தோட்டத்து லயத்திலே இரவு விளக்கின்கீழ் எழுதுபவளுக்கும், கந்தோர் வேலை முடிந்து பஸ்ஸில் வீடு திரும்பும்போது மனத்திலே வாக்கியம் அமைப்பவனுக்கும் ஒரே கால அட்டவணையை நீட்டுவது அறிவுடைமையாகாது. அவர்களிடம் நாம் கேட்க உரிமையுள்ளவை மூன்றே: எழுதியது உண்மையா? அது உன்னுடையதா? வாசிப்பவனுக்கு அது விளங்குகிறதா? இம்மூன்றுக்கும் நேர்மையாக விடையளிக்கக்கூடியவன், எந்த நேரத்தில் எந்த வரியை முதலில் எழுதினான் என்பது அவன் சொந்த அலுவல்.