பற்றும் பேணுதலும்

பொருள்களின் மேல் வைக்கும் பற்றே பந்தத்தின் வேர் என்று கண்டு சமண முனிவர்கள் உடைமை கொள்ளாமையாகிய அபரிக்கிரகத்தை விரதமாக விதித்ததும், பௌத்தர்கள் வேட்கையைத் துக்கத்தின் காரணமாகக் காட்டியதும், வள்ளுவர் துறவென்று ஓர் அதிகாரமே வகுத்ததும் நம் காதுகளில் குழந்தைப் பருவம் தொட்டு விழுந்துவரும் உபதேசங்கள். அவற்றின் மேன்மையில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஒரு வஸ்துவை மடியில் இருத்தி மார்போடு அணைத்துக் கொண்டாலன்றித் தன் வித்தையைப் பயிலவே முடியாத சங்கீதக்காரன் இந்த உபதேசத்தை எவ்வாறு அனுஷ்டிப்பது? தன் வாத்தியத்தின் மேல் சிரத்தை கொண்டு நாள்தோறும் அதைத் துடைத்தும் காத்தும் வருகிறவன் பந்தத்தில் விழுந்தவனா, தன் தர்மத்தைச் செய்கிறவனா? இந்த வினாவை ஆராய்வதற்குக் கிதாரைக் காட்டிலும் பொருத்தமான கருவி வேறொன்று எனக்குத் தோன்றவில்லை.

எஃகுத் தந்திகள் பூட்டிய கிதாரில், சுருதி கூட்டிய நிலையில், ஆறு தந்திகளும் சேர்ந்து சுமார் 70 கிலோ எடைக்கு நிகரான விசையோடு இரவும் பகலும் இழுத்துக் கொண்டிருக்க, அந்த இழுப்பை ஏற்று நிற்கும் முன்பலகையோ ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் கனமே உள்ள மெல்லிய ஸ்ப்ரூஸ் மரத் தகடு. அதன் கனத்தைக் கூட்டினால் கருவி நெடுங்காலம் நிற்கும். ஆனால் நாதம் எழாது. குறைத்தால் தந்தியைத் தொட்டவுடனே பேசும். ஆனால் சில ஆண்டுகளில் வயிறு உப்பிக் குலைந்துவிடும். கிதார் செய்யும் வினைஞன் உட்புறத்தில் மெல்லிய சட்டங்களை ஒட்டி, இவ்விரண்டு கதிகளுக்கும் நடுவே, அழிவின் விளிம்புக்கு மிக அருகில் அதை நிறுத்தி வைக்கிறான். காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 45 முதல் 55 வரை இருந்தால் அதற்குச் சௌக்கியம். குளிரூட்டிய அறையின் வறட்சியில் பலகை சுருங்கி வெடிக்கிறது, மழைக்காலத்து ஈரத்தில் உப்பித் தந்திகளை விரல்களுக்கு எட்டாத உயரத்துக்குத் தூக்கிவிடுகிறது. கடற்கரை ஊர்களில், வாசித்த கையின் வியர்வையைத் துடைக்காமல் விட்ட தந்தி வெகு சீக்கிரத்தில் துருவேறி ஊமையாகிறது. அத்தகைய கருவியை வைத்துக் கொண்டு, "எல்லாம் அநித்தியம், இதைப் பேணி என்ன பயன்?" என்று ஒருவன் அலட்சியமாகச் சுவரில் சாய்த்து வைப்பானாகில், அவனிடம் இருப்பது வைராக்கியம் அன்று, வெறும் அசிரத்தையே என்பது என் துணிபு. அநித்தியம் என்று மெய்யாக உணர்ந்தவனே அதை ஜாக்கிரதையாகத் தொடுவான்.

ஆயினும் சிரத்தை எந்த இடத்தில் பற்றாக மாறுகிறது என்பதைப் பார்த்தாக வேண்டும். 1949ஆம் ஆண்டில், குளிர் மிகுந்த ஓர் இரவில், அமெரிக்காவின் ஆர்க்கன்ஸா மாநிலத்தைச் சேர்ந்த ட்விஸ்ட் என்னும் சிற்றூரில் ஒரு நடன விடுதியில் ப்ளூஸ் கிதார் கலைஞர் பி.பி. கிங் வாசித்துக் கொண்டிருந்தார். குளிர் காய்வதற்காக நடுவில் மண்ணெண்ணெய் எரிந்து கொண்டிருந்த பீப்பாயை, சச்சரவிட்டுக் கொண்டிருந்த இருவர் தள்ளிக் கவிழ்க்க, விடுதி முழுவதும் தீப்பற்றியது. எல்லாரோடும் வெளியே ஓடிவந்த கிங், கிதார் உள்ளேயே இருப்பது நினைவுக்கு வந்தவுடன் மீண்டும் நெருப்புக்குள் புகுந்து அதை எடுத்துக் கொண்டு உயிர்தப்பினார். அத்தீயில் இருவர் மாண்டு போயினர். சண்டை லூசில் என்னும் பெண்ணைக் குறித்து மூண்டது என்று மறுநாள் கேள்வியுற்ற அவர், தம் கிதாருக்கு அப்பெயரையே இட்டார். இனியொருபோதும் அத்தகைய மடமையைச் செய்யலாகாது என்று தமக்கே நினைவூட்டிக் கொள்ளுவதற்காக இட்ட பெயர் அது. அதன் பின்னர் அவர் வாழ்நாளெல்லாம் எத்தனையோ கிதார்களை வாசித்தார். அத்தனைக்கும் லூசில் என்றே பெயர். தீக்குள் ஓடச் செய்தது பற்று. அதை நான் வீரம் என்று புகழ மாட்டேன். ஆனால் அந்தப் பற்றையே பிற்பாடு ஒரு சங்கற்பமாக மாற்றி, ஒரு மரத்துண்டில் தங்கியிருந்த பிரியத்தைப் பல கருவிகளின் வழியே நடந்து போகும்படி செய்தாரே, அதில் ஞானத்தின் சாயல் இருக்கிறது.

அமெரிக்கப் பாடகர் வில்லி நெல்சனுடைய கிதாரைப் பற்றி எண்ணும்போதெல்லாம் எனக்கு ஒரு மன நிறைவு உண்டாகிறது. 1969ஆம் ஆண்டில் அவர் கைக்கு வந்த அந்த மார்ட்டின் கருவி நைலான் தந்திகளுக்கென்றே செய்யப்பட்டது. விரல்களால் மீட்டுவதே அதற்கு முறையாதலால், முன்பலகையில் காப்புத் தகடு கிடையாது. அவரோ மீட்டுவில்லையால் வாசிப்பவர். பல ஆண்டுகளாக வில்லை உரசி உரசி, ஒலித்துளைக்கு அருகே பலகை தேய்ந்து, கடைசியில் இன்னொரு துளையே உண்டாகிவிட்டது. கருவியைப் புறக்கணித்ததால் வந்த துளை என்று இதைச் சொல்ல முடியாது. ஆஸ்டின் நகரத்துக் கிதார் வினைஞர் ஒருவர் நெடுங்காலமாக அதைச் சோதித்து, உள்ளே இருக்கும் சட்டங்களுக்கு வலுவூட்டி, பூச்சைப் புதுப்பித்து வருகிறார். துளையை மட்டும் எவரும் அடைக்கவில்லை. தேயாமல் வைத்திருப்பது ஒன்றே பேணுதலின் இலட்சியமானால் அக்கருவி தோல்வியின் உருவம். நாதத்துக்குத் தகுதியாக வைத்திருப்பது இலட்சியமானால் அதைவிட நன்றாகப் பேணப்பட்ட கிதார் உலகத்தில் அரிது. பிறகு செல்வர்களுடைய கண்ணாடிப் பேழைகளுக்குள் விரல் படாமல் பளபளத்துக் கொண்டிருக்கும் கருவிகளை என்னவென்று சொல்லுவது? அவற்றைத் துறக்கவும் இல்லை, பேணவும் இல்லை. உடைமையாக மட்டும் வைத்திருக்கிறார்கள்.

உடைமை என்றவுடன் கிதார் கலைஞர் எரிக் கிளாப்டனின் 'பிளாக்கி' நினைவுக்கு வருகிறது. 1970ஆம் ஆண்டில் நாஷ்வில் நகரத்தில் அவர் வாங்கிய ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர்களில் சிலவற்றை நண்பர்களுக்கு ஈந்துவிட்டு, எஞ்சிய மூன்றின் நல்ல உறுப்புக்களைக் கோத்து அமைத்த ஒரே கருவி அது. அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா என்று பௌத்த நூலொன்றில் நாகசேன பிக்கு மிலிந்த அரசனை வினவினாரே, அந்த வினாவை இக்கருவியிடம் அப்படியே கேட்கலாம். எந்த மரத்தில், எந்தக் கம்பிச் சுருளில் பிளாக்கி குடியிருந்தது? சாதாரணக் கிதாரிலும் தந்தி மாறுகிறது, முறுக்காணி மாறுகிறது, தேய்ந்த பிரெட்டுகளைப் பிடுங்கிப் புதியன அடிக்கிறோம். உறுப்புக்கள் கூடி நாதத்துக்கு இடம் கொடுக்கிற அந்த அமைதியைத்தான் பேணுகிறோமேயன்றி உறுப்புக்களை அன்று. கழுத்து மிகவும் தேய்ந்து போனமையால் பிளாக்கியை ஓய்வுக்கு விட்டு நெடுங்காலம் வைத்திருந்த கிளாப்டன், 2004ஆம் ஆண்டில் ஏலத்துக்கு அனுப்பினார். 9,59,500 டாலர் கிடைத்தது. அத்தொகை, குடியிலும் போதைப் பொருளிலும் சிக்கியவர்களை மீட்பதற்கென்று ஆன்டிகுவா தீவில் அவரே நிறுவிய மருத்துவ நிலையத்துக்குப் போயிற்று. அவ்விரண்டுக்கும் ஒரு காலத்தில் தாமே அடிமையாய்க் கிடந்து மீண்டவர் அவர். வேட்கை இன்னதென்று உடம்பால் அறிந்த ஒருவர், தமக்கு மிகவும் பிரியமானதொரு வஸ்துவை அவ்வேட்கையின் நிவாரணத்துக்கென்றே கொடுத்தது எனக்குத் தியாகமாகவே தோன்றுகிறது. வாசிக்கும் காலம் வரை வாசித்து, கொடுக்கும் காலம் வந்தபோது கொடுத்துவிட்டார்.

இதுவரை கருவிக்கும் மனிதனுக்கும் உள்ள உறவைச் சொன்னேன். மூன்றாவது கட்சிக்காரர் ஒருவர் உண்டு, பேச வாயில்லாதவர். அது மரம். கிதாரின் முதுகுக்கும் விலாப்பலகைக்கும் பிரேசில் நாட்டு ரோஸ்வுட்டே உத்தமம் என்று நெடுங்காலமாக ஒரு நம்பிக்கை நிலவி வந்தது. அம்மரம் கிடைப்பது அரிதாகி, 1969இல் மார்ட்டின் நிறுவனத்தார் அதைவிட்டு இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறினர். இந்திய ரோஸ்வுட் என்பது நம்முடைய ஈட்டி மரம். நீலகிரியிலும் ஆனைமலையிலும் வளர்வது. பிரேசில் மரத்தை 1992இல், அருகிவரும் உயிரினங்களின் வாணிபத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தத்தின் மிகக் கடுமையான பட்டியலில் சேர்த்தார்கள். ஈட்டியைக் காப்பதற்கென்று தமிழ்நாட்டிலே 1994இல் தனிச் சட்டம் ஒன்றே இயற்ற வேண்டி வந்தது. ஓங்கி வளர்வதற்குப் பல தலைமுறைகள் வேண்டும் ஒரு விருட்சம், எங்கோ ஒருவன் மடியில் அழகாகத் தோன்றுவதற்காக வீழ்வது தர்மமா என்ற வினாவுக்கு, 'நாதத்துக்காக' என்று விடை சொல்லித் தப்பித்துக் கொள்ளலாம் என்று பலர் எண்ணுகிறார்கள்.

அந்த விடையும் நிலைக்கவில்லை. ஸ்பெயின் தேசத்து அந்தோனியோ தெ தோர்ரெஸ், இன்றைய கிதாரின் அளவையும் அமைப்பையும் வகுத்துத் தந்த மகாவினைஞர், 1862ஆம் ஆண்டில் முதுகையும் விலாவையும் காகிதக் கூழட்டையால் செய்து, முன்பலகையை மாத்திரம் நல்ல மரத்தால் அமைத்து, நாதத்தின் இருப்பிடம் முன்பலகையே என்று நிரூபித்துக் காட்டினார். பார்சலோனாவின் சங்கீத அருங்காட்சியகத்தில் அக்கருவி இருக்கிறது. ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு இங்கிலாந்தில், முதுகு, விலா மரங்களைத் தவிர மற்றெல்லாம் ஒரே விதமான ஆறு கிதார்களைச் செய்வித்து, பற்றவைப்பவர் அணியும் கறுப்புக் கண்ணாடியை மாட்டி, மங்கிய வெளிச்சத்தில் 52 கலைஞர்களை வாசிக்கச் செய்து, 2018இல் வெளியிட்ட ஆராய்ச்சியிலும், விலையுயர்ந்த மரத்துக்கும் மலிந்த மரத்துக்கும் ஒலியின் தரத்தில் அவர்கள் கண்ட பேதம் சொற்பமே என்று தெரிந்தது. கண்ணை மறைத்தவுடன் பிரேசிலின் கீர்த்தி மறைந்துவிட்டது. அப்படியானால் இத்தனை நாளும் மரங்களை வீழ்த்தியது நாதத்தின் மேல் கொண்ட காதலா? நாமத்தின் மேலும் ரூபத்தின் மேலும் கொண்ட மோகம் அன்றோ!

ஆதலால் கிதார் வாங்கப் போகிறவர்களிடம் நான் மன்றாடிக் கேட்டுக் கொள்வது இது: கடையில் கண்களை மூடிக் கொண்டு, ஒவ்வொரு தந்தியையும் ஒவ்வொரு பிரெட்டிலும் அழுத்திப் பாருங்கள், எங்கும் இரைச்சல் இன்றி ஒலிக்கிறதா, கை வலிக்காமல் அழுந்துகிறதா, நீங்கள் மெல்ல மீட்டும்போதும் மறுமொழி சொல்லுகிறதா என்று கவனியுங்கள், மரத்தின் பெயரைப் பிற்பாடு கேளுங்கள். மேபிளும் வால்நட்டும் சபேலியும் அந்த ஆறு கிதார்களில் இருந்தவையே. நல்ல வினைஞன் கையில் அவை போதும். முன்னமே செய்து முடித்த பழைய ரோஸ்வுட் கிதார் ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால், வீழ்ந்த மரத்தை எண்ணி வருந்தி அதைப் பரணில் போட்டு வைப்பதிலும் புண்ணியம் இல்லை. விரிசலை ஒட்டச் செய்து, புதுத் தந்திகளைப் பூட்டி, ஈரம் காத்து, வாசியுங்கள். வாசிக்க உங்களுக்கு நேரம் இல்லையானால், நாள்தோறும் வாசிக்கக் கூடிய ஓர் இளைஞனைத் தேடி அவனிடம் கொடுத்துவிடுங்கள்.