குறை

மட்டக்களப்பு வாவிக்கரையிலுள்ள கல்லடியில், என் பெரியம்மா வீட்டில் இரண்டு குளிசைப் பைகள் இருந்தன. விற்றமின் பை சாப்பாட்டு மேசையில் கிடக்கும். மனச்சோர்வுக்குக் கிளினிக்கில் எழுதிய புளுஒக்செற்றின் அலுமாரியில், சேலைகளுக்கு அடியில். "என்ன குளிசை மச்சி?" என்று அயல்வீட்டுக்காரி கேட்டால், "சத்துக் குளிசைதான்" என்பார். மற்றதை விழுங்க அறைக்கதவைச் சாத்துவார்.

மூன்றாம் கிழமையில், சுகம் தெரியவில்லை என்று அந்த மறைவுக் குளிசையைத் தானாகவே நிறுத்தினார். விற்றமின் மட்டும் தொடர்ந்தது. அந்த மருந்து வேலைசெய்யச் சில கிழமைகள் எடுக்கும். கேளாமல் நிறுத்தினால் நோய் கூடலாம். கூடியது. வாவிக்கரைக்கு நடந்துவந்தவர் கட்டிலைவிட்டு எழும்பவில்லை.

சத்துக் குளிசையை நான் இளக்காரமாக நினைக்கவில்லை. ஃபோலிக் அமிலத்தின் பெயரே இலத்தீனில் இலையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. நம் முருங்கையிலைச் சுண்டலில் இருக்கும் சத்து அது. பி12 வாவி மீனிலும் நண்டிலும் உண்டு. மூளையின் வேலைக்கு இரண்டும் வேண்டும். குறைந்தால் மனமும் சோரலாம். நீரிழிவுக்கு நெடுநாள் மெற்போமின் எடுப்பவர்களுக்கு பி12 இறங்கக்கூடும். இரத்தம் சோதித்துப் பார்த்து, குறைந்ததை நிரப்பத்தான் வேண்டும்.

ஆனால் சத்துக் குளிசை மருந்தின் இடத்தில் அமருமா? 2000இல் வெளிவந்த, இங்கிலாந்தில் 127 பேரிடம் நடந்த ஆய்வில், புளுஒக்செற்றினோடு 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் எடுத்த பெண்கள் கூடுதலாகத் தேறினார்கள். 2014இல் வெளிவந்த வேல்ஸ் ஆய்வில், 475 பேரிடம், மருந்தோடு ஃபோலிக் அமிலத்தைச் சேர்த்ததால் தனிப்பயன் தெரியவில்லை. துணைக்கு வரலாம் என்ற நம்பிக்கைகூட இன்னும் உறுதியாகவில்லை. தனியே கரைசேர்க்கும் என்று எப்படி நம்புவது?

சத்து வேறு, மருந்து வேறு என்பது பெரியம்மாவுக்குத் தெரியாமலில்லை. கிளினிக்கில் கேட்கவிடாமல் அவரைத் தடுத்தது ஒரு சொல். 'சத்துக்குறை' என்றால் ஏதோ போதவில்லை என்று விளங்கிக்கொள்கிறோம். அதற்காக யாரும் ஒருவரைப் பழிப்பதில்லை. மனத்தில் ஒன்று போதாமல் போனால் அதே 'குறை' குற்றமாகிவிடுகிறது. "விசர்" என்று தெரு பேசுமோ என்று நெஞ்சு நடுங்குகிறது. போரும் 2004 மார்கழிக் கடற்கோளும் இத்தனை வீடுகளை வெறுமையாக்கிய கரையிலும் இந்தப் பயம் போகவில்லை.

மாரியில் வாவியின் முகத்துவாரம் மண்மூடிக் கிடக்க, வெள்ளம் வயலுக்கும் வீட்டுக்கும் ஏறும். அப்போது யாரும் வாவியை ஏசுவதில்லை. மண்ணை வெட்டி, தண்ணீர் கடலுக்குப் போக வழிவிடுகிறோம். அடைபட்ட மனத்துக்கும் அதுதான் வேண்டும்.

பெரியம்மா மறுபடி கிளினிக்குக்குப் போனார். இம்முறை இரண்டு பைகளையும் மேசையில் வைத்தவர் அவரேதான். அயல்வீட்டுக்காரி கேட்டபோது, "இது சத்துக்கு, இது மனசுக்கு" என்றார். கேட்டவள் கொஞ்சநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "எந்த நாள் கிளினிக், மச்சி?" என்று மெல்லக் கேட்டாள்.

நாம் மறைக்கும் குளிசை நம்மை மட்டும் தனிமையாக்குவதில்லை. பக்கத்து வீட்டில் அதே இருட்டில் இருப்பவரின் வழியையும் அது மூடிவிடுகிறது.